லிஃப்டில் ஒட்டிய தேதி

"பன்னிரண்டு மணிக்குள்ள அந்தத் தளம் திறக்கலைன்னா எனக்கு வேலை போயிடும் சார்."

மூன்றாம் மாடியில் இருந்த துப்பறிவாளரின் அறைக்கு ஓடிவந்து இப்படிச் சொன்னவள், ஐந்தாம் மாடிக் கட்டட அலுவலகத்தின் எழுத்தர். மணி பதினொன்று பத்து.

லிஃப்டின் உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்கு இன்று பகல் பன்னிரண்டோடு கெடு முடிகிறது. அந்தப் படிவம் அலுவலகத்தில் இருக்கும் ஒரே கணினியின் பழைய பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். திங்கட்கிழமை வரை ஒழுங்காகத் திறந்த தளம், நேற்றுக் காலையிலிருந்து 'பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை' என்று கைவிரிக்கிறது.

"மத்த தளமெல்லாம் திறக்குது. இது மட்டும் அடம் பிடிக்குது. செட்டிங்ஸ்ல இருக்கிற எல்லா டிக்கையும் எடுத்துப் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். நான்தான் நோண்டிக் கெடுத்துட்டேன்னு மேனேஜர் சொல்றார்."

"வைரஸ்தான் அத்தான்!" என்று தீர்ப்பு சொன்னார் துப்பறிவாளரின் மைத்துனர். போன வழக்கிலும் அவர் அதைத்தான் சொன்னார், அது காணாமல் போன குடை.

மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடும் நேரத்தில், கையில் பணிநீக்க உத்தரவோடு மேனேஜரும் நுழைந்தார். நான்காம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் குலுங்கி நின்றது. அபாய மணியை அழுத்தினார்கள். மெக்கானிக் வரக் கால்மணியாவது ஆகும் என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

எழுத்தருக்கு மூச்சு முட்டியது. நான்கு பேருக்கே இடம் போதாத பெட்டி, அதில் தன்னை வேலையைவிட்டுத் தூக்கப்போகிறவர் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார். கைக்கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து காட்டியது.

சுவரில் சாய்ந்த மைத்துனரின் சட்டைக்கையோடு ஓர் அட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. துப்பறிவாளர் அதை வாங்கிப் படித்தார். 'லிஃப்ட் சோதிக்கப்பட்டது. தேதி 28.'

"போன மாசம் ஒட்டினதா? பசை இன்னும் காயலையே. இது எங்கே அச்சாகும்மா?"

"நம்ம கணினியிலதான் சார். தேதியை அதுவே போட்டுக்கும், நாம கையால மாத்த முடியாது."

"பிழைச் செய்திக்குக் கீழே வேற என்ன இருந்துச்சு?"

அவள் குறித்து வைத்திருந்ததைப் படித்தாள். "'தளத்தின் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை.' ஒண்ணாம் தேதியிலேர்ந்து புதுச் சான்றிதழ்னு தளத்துலயே அறிவிச்சிருந்தாங்க. இன்னைக்கு எட்டாச்சே சார்?"

"உங்களுக்கு எட்டு. கணினிக்கு இன்னும் போன மாசம் முப்பது. தளம் அசல்தான்னு காட்டுற சான்றிதழ் ஒண்ணாம் தேதிதான் பிறந்துச்சு, அதை அது எப்படி நம்பும்? மத்த தளங்களோட சான்றிதழ் பழசு, அதனால திறக்குது. தேதியை யாரோ பின்னால தள்ளியிருக்காங்க."

"மணி சரியாத்தானே காட்டுச்சு?"

"திரை மூலையில மணி மட்டும்தான் தெரியும், தேதி தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் இருபத்தெட்டுன்னு வச்சு அட்டையை அச்சடிச்சவர், திருப்பி மாத்த மறந்துட்டார். ரெண்டு நாள் ஓடி இப்ப முப்பது. நாளைக்குன்னா தளம் தானாவே திறந்திருக்கும். அந்தக் கணினி அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, மேனேஜர்கிட்ட ஒண்ணு. திங்கட்கிழமை நாலு மணிக்கே நான் கிளம்பிட்டேன்..." என்றவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

மேனேஜர் கூரையைப் பார்த்தார். அங்கிருந்துதான் மெக்கானிக்கின் குரல் வந்தது. "உள்ள யாரு?"

"போன மாசம் இருபத்தெட்டாம் தேதி இந்த லிஃப்டைச் சோதிச்சீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"ஞாயித்துக்கிழமை எவன் சார் வருவான்? இதைத் தொட்டே எட்டு மாசமாச்சு. மேனேஜர் கூப்பிட்டாத்தானே!"

ஒருவர் பின் ஒருவராகக் கைகொடுத்துத் தூக்கி வெளியே விட்டபோது மணி பதினொன்று ஐம்பது. எழுத்தர் ஓடிப்போய்த் தேதியை எட்டாக்கினாள். தளம் உடனே திறந்தது. 'கடைசியாகச் சோதித்த நாள்?' என்று படிவம் கேட்டது.

"இருபத்தெட்டுன்னே போட்டுடும்மா," என்று கெஞ்சினார் மேனேஜர். "உன் வேலைக்கு நான் பொறுப்பு."

துப்பறிவாளர் அவர் கையிலிருந்த உத்தரவை மெல்ல உருவிக் கிழித்தார். "அட்டை என்கிட்டதான் இருக்கு. நீங்க உண்மையைப் போடுங்கம்மா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

அந்தப் பெட்டிக்குள் நின்ற கால்மணியை அவள் நினைத்துப் பார்த்தாள். 'எட்டு மாதங்களுக்கு முன்' என்று அடித்து அனுப்பினாள். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

மைத்துனர் மட்டும் ஏமாற்றத்தோடு, "அப்ப வைரஸ் இல்லையா அத்தான்?" என்றார்.

அன்று மாலை மேனேஜர் லிஃப்ட் பக்கமே திரும்பாமல் ஐந்து மாடியும் படியிறங்கிப் போனதை எழுத்தர் சன்னலோரம் நின்று பார்த்தாள்.