வெறுங்கையை மறித்த எட்டுப் பேர்

2063 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, ஓசூர். பெண்கள் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் கோவை அணியின் பந்தேந்தி ஷமீமா பதினொரு முறை பந்தோடு ஓடினாள். கடந்த தூரம் ஒன்பது கஜம். இடைவேளையில் ஓசூர் 20, கோவை 3.

பந்தேந்தியின் வேலையைச் சொல்வது சுலபம். எறிவாளி கையில் திணிக்கும் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதச் சுவரில் சந்து பார்த்து நுழைய வேண்டும். சுவரில் வழக்கமாக ஆறேழு பேர் நிற்பார்கள். மற்றவர்கள் எறியப்படும் பந்துக்காகப் பின்னால் காவல் இருப்பார்கள். சுவரில் ஓர் ஆள் கூடினால்கூடச் சந்து அடைபட்டுவிடும்.

அந்தக் கணக்கைப் போடத்தான் வியூகக்கண் வந்தது. மைதானத்துக்கு மேலே தொங்கும் அந்தக் கருவி ஒவ்வொரு பந்தேந்தியையும் நடையை வைத்தே அடையாளம் காணும். குதிகாலில் எடை எந்தப் பக்கம் விழுகிறது, மூச்சு எப்போது இறுகுகிறது என்று பார்த்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தடுப்பவர்களின் தலைக்கவசங்களுக்குச் சொல்லும். ஷமீமா களத்தில் நின்றால் சுவரில் எட்டுப் பேர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஓட்டத்துக்கு ஆறு கஜம் எடுத்தவள், இந்தப் பருவத்தில் மூன்றைத் தாண்டவே திணறினாள்.

பருவத்தில் ஆயிரம் கஜம் ஓடாத பந்தேந்தியின் பெயரை, ஆட்டத்தை நடத்தும் சங்கத்தின் தரம் பார்க்கும் கருவியான தரப்பொறி பட்டியலிலிருந்து தானாக எடுத்துவிடும். மேல்முறையீடு கிடையாது. இந்த முதல் பாதியையும் சேர்த்து ஷமீமாவுக்கு இன்னும் பதினொரு கஜம் தேவைப்பட்டது. அதற்கு இந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதிதான் மிச்சம்.

உடைமாற்றும் அறைச் சுவரில் இரண்டு அணிகளின் வியூகக்கண் அறிக்கைகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஒளிவுமறைவு கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆனால் அவற்றை யாரும் படிப்பதில்லை. ஷமீமா படித்தாள்.

“அக்கா, ஓசூர்க் கண்ணு என்னைய பன்னண்டு தடவ நிறுத்துனதாப் போட்டிருக்குது. நான் ஓடுனது பதினொண்ணுதானுங்க.”

பயிற்சியாளர் கோகிலவாணி திரும்பிப் பார்த்தார். “அந்தப் பன்னண்டாவது எது?”

“நான் வழுக்கி உழுந்தேனே, அது. பந்து என் கைக்கே வரல.”

எறிவாளி பிரிசில்லா சிரித்தாள். “பந்த வச்சுக்கிட்டு முழிச்சேன், முன்னால ஒரு ஈ காக்கா இல்ல. இருபத்திரண்டு கஜம் ஓடுனேன். நீ தெனமும் உழுடி, நாம பொழச்சுக்குவோம்.”

ஷமீமா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு கஜம் பறிபோன ஓட்டத்தை அந்தக் கருவி தன் வெற்றியாக எழுதி வைத்திருந்தது. அது காவல் காத்தது பந்தை அல்ல, அவளை. அவள் கடந்தது பூஜ்யம் என்றால் அதற்குப் பூரண மதிப்பெண். அவ்வளவுதான் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“அக்கா, நான் வெறுங்கையோட ஓடறேனுங்க. அத்தன பேரும் எம் பின்னால வருவாங்க.”

“கண்ணு ஏமாறும், சரி. ஆளுங்களுக்குமா கண்ணு இல்ல?”

“கவசம் சொன்ன எடத்த விட்டு நகந்தா அவிய மார்க்கு போயிரும்ங்க. யாரும் நகர மாட்டாங்க.”

கோகிலவாணி சுவரில் ஓடிய கணக்கைப் பார்த்தார். “உன் ஆயிரம்?”

“மொதல்ல இருபத எட்டுவோமுங்க.”

இரண்டாம் பாதியில் ஷமீமா வெறுங்கையை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்து ஓடினாள். எட்டுப் பேரும் அவள்மேல் விழுந்தார்கள். பிரிசில்லா ஆளில்லாத பக்கம் நிதானமாகப் பந்தை எறிந்தாள். அடியெல்லாம் இவளுக்கு, கஜமெல்லாம் மற்றவர்களுக்கு. இடையில் நான்கு முறை மட்டும் பந்தை வாங்கி ஏழு கஜம் எடுத்தாள். கோவை 17க்கு வந்தது.

கடைசி ஆறு விநாடி. பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி தரும் எல்லைக்கோட்டுக்கு நான்கு கஜம். ஷமீமாவின் ஆயிரத்துக்கும் நான்கு கஜம்.

கோகிலவாணி ஆட்ட நிறுத்தம் கேட்டு அவளை அருகில் அழைத்தார். “நீயே எடு கண்ணு. எட்டுப் பேர முட்டிக்கிட்டு நாலு கஜம் நீ போனதே இல்லையா?”

“போயிருக்கறேன். பத்துல ஒரு தடவ.”

“தோத்தா நான் பதில் சொல்லிக்கறேன். உன் பேரு போயிரும்டி.”

ஷமீமா சுவரைப் பார்த்தாள். எட்டுப் பேரும் ஏற்கெனவே அவளுக்கு நேராக வந்து நின்றுவிட்டார்கள். வலது மூலையில் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம் போல இடம் கிடந்தது.

“பிரிசில்லாகிட்ட வலதுபக்கம் பாக்கச் சொல்லுங்க்கா,” என்றாள்.

அவள் ஓடினாள். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டம் அதுதான் என்று பிறகு சொன்னாள். குதிகாலை அழுத்தினாள், மூச்சை இறுக்கினாள், இல்லாத பந்தை இரண்டு கைகளாலும் அணைத்தாள். எட்டுப் பேரில் ஒருத்தி கடைசி நொடியில் கண்டுகொண்டு, “அவகிட்ட பந்து இல்லடி!” என்று கத்தினாள். அவள் கவசம் அதிர்ந்து எச்சரித்தது. அவளும் வந்து மேலே விழுந்தாள்.

அத்தனை பேருக்கும் அடியில் கிடந்தபடி ஷமீமா கோவை ரசிகர்களின் கூச்சலைக் கேட்டாள். பிரிசில்லா வலது மூலையில் நடந்தே கோட்டைத் தாண்டியிருந்தாள். கோவை 23, ஓசூர் 20. தோழிகள் ஷமீமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கோப்பையை முதலில் அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

ஓசூர் வியூகக்கண்ணின் அறிக்கை அன்று மாலையே வந்தது: ஷமீமா தடுக்கப்பட்டாள், வெற்றி, நூறு விழுக்காடு.

மறுநாள் காலை, 996 கஜத்தோடு அவள் பெயரைத் தரப்பொறி பந்தேந்திகள் பட்டியலிலிருந்து நீக்கியது. அன்று மதியம் கோகிலவாணி அவளை வழிமறிப்பவள், அதாவது பந்து கொண்டுபோகிறவளுக்காக எதிராளிகளை மறிப்பவள், என்று பதிவுசெய்தார். அந்த இடத்துக்குக் கஜக் கணக்கு கிடையாது. நடை மட்டும் அதே நடை.

அடுத்த பருவத்தில் எல்லா அணிகளின் வியூகக்கண்களும் அவளுக்கு எதிரே எட்டுப் பேரை நிறுத்தின. கோவை பதினான்கு ஆட்டங்களில் பதின்மூன்றை வென்றது. ஷமீமா ஒருமுறைகூடப் பந்தைத் தொடவில்லை.