கிளட்ச் நிற்காத வண்டி

மழை பிடித்துக்கொண்ட மத்தியானத்தில், திருவொற்றியூரில் பகலவனின் மெக்கானிக் கடைக்கு ஃப்ரெடி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"திரும்பவும் கிளட்ச்சு நிக்கல மாமு. முறுக்குனா இன்ஜின் கத்துது, வண்டி போவ மாட்டேங்குது."

பகலவனுக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய பிஸ்டனும் அது ஓடும் பிளாக்கும் மாட்டி இன்ஜினின் வலுவைக் கூட்டியவன் அவன்தான். அந்த வலுவைப் பழைய கிளட்ச் தாங்காது என்று முதல் தடவை புது பிளேட் போட்டான். அடுத்த தடவை கெட்டியான ஸ்பிரிங். இதற்கு மேலும் வழுக்க அதில் ஒன்றுமில்லை.

"எப்பவும் வழுக்குதா?"

ஃப்ரெடி தரையைப் பார்த்தான். "கன்டெய்னர் லாரி பக்கத்துல போனா மட்டும்."

பகலவன் கிளட்ச் மூடியைக் கழற்றினான். பிளேட்டுகள் கருகவில்லை, தேயவில்லை. ஆனால் வழிந்த ஆயிலில் வேறொரு வாடை அடித்தது. காசிமேட்டில் மீன் வெட்டும் பலகையில் அடிக்குமே, அந்த வாடை. விரலால் தொட்டான். கறுப்பு ஆயிலின் ஓரத்தில் சிவப்பு பிரிந்து நின்றது.

அந்த பிளாக், தை மாதம் லாரிக்கடியில் செத்துப்போன ரகுபதியின் வண்டியிலிருந்து எடுத்தது. ரகுபதி ஃப்ரெடியின் தோஸ்து. எண்ணூர் ரோட்டில் இருவரும் போட்டி போட்டு ஓட்டுவார்கள். "அவன் நெனப்பா இருக்கட்டும் மாமு" என்று ஃப்ரெடி அதைக் கொண்டுவந்தபோது பகலவன் ஒன்றும் கேட்கவில்லை. இடுக்குகளில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பெட்ரோல் ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவினான்.

ஆயிலை மாற்றி மூடியை மாட்டினான்.

"பின்னாடி ஒக்காரு. நானே ஓட்டிப் பாக்கறேன்."

எண்ணூர் நெடுஞ்சாலையில் மழை விட்டிருந்தது. கடல் கருங்கற்களில் அறைந்துகொண்டிருந்தது. வண்டி சீறிப் பாய்ந்தது. கிளட்ச் கொஞ்சமும் வழுக்கவில்லை. முன்னால் போன கன்டெய்னர் லாரியை முந்த, வலப்பக்கம் ஏறினான்.

லாரியின் பின்சக்கரத்துக்கு நேராக வந்தபோது இன்ஜின் அலறியது. வண்டி தளர்ந்தது.

கிளட்ச் வழுக்கவில்லை.

இடது கைப்பிடியில் கிளட்ச் லிவர் அழுந்திக்கொண்டிருந்தது.

லிவரின் மேலிருந்த பகலவனின் விரல்கள்மீது ஈரமாக, சில்லென்று எதுவோ படிந்திருந்தது. நான்கு விரல்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. எலும்பு நோக இறுக்கின.

முதுகுக்குப் பின்னால் ஃப்ரெடி அழ ஆரம்பித்தான். பேசியது பகலவனிடம் அல்ல.

"வுட்ரு ரகு. அன்னிக்கி வுழும்போது என் கிளட்ச்ச புடிச்சிகினு தொங்குன. நானும் வுழுந்திருப்பேன்டா. அதான் ஒதச்சேன்."

"இன்னாடா சொல்ற?"

"மூஞ்சிலயே ஒதச்சேன் மாமு."

பிடி சட்டென்று விட்டது.

ஒரு மூச்சு நேரம், ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு பின்சீட்டிலிருந்து ஃப்ரெடியை எதுவோ பிடுங்கியது. பகலவனின் சட்டையைப் பற்றியிருந்த அவன் கைகள் துணியைக் கிழித்துக்கொண்டு போயின. லாரியின் பின்சக்கரம் முதலில் காலைக் கவ்வியது. தொடை, இடுப்பு என்று ஏறியது. கதறல் நெஞ்சோடு நின்றது. அப்புறம் இளநீர்க் காயை மிதித்து உடைத்தாற்போல ஒரு சத்தம். பகலவனின் பிடரியில் சூடாகத் தெறித்தது. வண்டி தாறுமாறாக ஓடி, அவனைக் கற்களின்மேல் வீசியெறிந்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். மனைவி ரமாபாய் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃப்ரெடி வண்டியில் சொன்னதை அவளிடம் சொன்னான். ரத்தம் என்று தெரிந்தே கழுவியதையும் சொன்னான்.

"அதான் முடிஞ்சி போச்சே. கம்முனு தூங்குய்யா" என்றாள் அவள்.

வெளியே துறைமுகத்தை நோக்கி ஒரு லாரி வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

ரமாபாய் முகம் சுளித்தாள். "கைய வுடுய்யா. வலிக்குது."

பகலவன் பார்த்தான். அவன் இடது கையின் நான்கு விரல்களும் அவள் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டிருந்தன. வலது கையால் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"நான் புடிக்கல ரமா" என்று முணுமுணுத்தான்.

அவளுடைய முதல் விரல் முறிந்தபோது, லாரி இன்னும் கடந்து முடிக்கவில்லை.