கதையில் வராத ரயில்

காலை 10.10. தபாலில் வந்த இரண்டு உறைகளைப் பிரித்ததும் பதிப்பாளருக்குத் தலை கிறுகிறுத்தது. வரிக்கு வரி ஒரே கதை. அனுப்பியவர்களோ இரண்டு பேர். ஒருத்தி பல் மருத்துவமனை வரவேற்பாளர். மற்றவர் கல்லூரி விரிவுரையாளர், அவளுடைய அக்காவின் கணவர். குடும்பத்துக்குள்ளேயே திருட்டு என்றால் கேட்கவா வேண்டும்!

விஷயம் பிழை திருத்தும் அம்மாளிடம் போனது. ஒரு கால்புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது; அலுவலகத்தில் ‘சல்லடை’ என்றால்தான் தெரியும். அவர் இருவரையும் போனில் கூப்பிட்டு, எழுதும்போது பார்த்த இணையதளங்களை, பார்த்த வரிசையிலேயே பட்டியல் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

11.30. இருவரும் வந்தார்கள். கதை இதுதான்: ஒரு வியாபாரி கப்பல் ஏறுகிறார், நிலா எழும் நேரத்தில் விருந்து, விருந்தில் விஷம், ஆறு மணி நேரம் கழித்துச் சாவு, முடிவில் பிரேதப் பரிசோதனை.

விரிவுரையாளரின் பட்டியல் சுத்தமாக அச்சடிக்கப்பட்டிருந்தது. கப்பல் வரைபடத் தளம், தேதிவாரியாக நிலா எழும் நேரம் சொல்லும் தளம், கதை எழுதுபவர்களுக்காக ஒரு டாக்டர் நடத்தும் விஷத் தளம், பிரேதப் பரிசோதனைத் தளம். அவளுடையது நோட்டில் கிழித்த தாள், ஒரே கிறுக்கல். ரயில் பெட்டி அமைப்பு, விஷம், தேனீ வளர்ப்பு, கப்பல், பிரேதப் பரிசோதனை, நிலா.

விரிவுரையாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “இந்தக் கதையில ரயில் எங்க வருது? தேனீ எங்க வருது? சின்னப் பொண்ணு, ஆசைப்பட்டுட்டா. விட்டுடுங்க.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. நோயாளிகள் வராத இடைவெளிகளில் ஒரு வருடமாக எழுதிய முதல் கதை. இன்று திருடி என்று பெயர் வாங்கினால் அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. படித்துப் பாருங்கள் என்று அத்தானிடமே கொடுத்த தன் புத்தியை நொந்துகொண்டாள்.

“ரயில் எதுக்கும்மா?” என்றார் சல்லடை.

“முதல்ல கொலை ரயில்லதாங்க. விஷம் வேலை செய்ய ஆறு மணி நேரம் ஆகும்னு அந்த டாக்டர் எழுதியிருந்தார். அதுக்குள்ள நாலு ஸ்டேஷன் வந்துடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதான் கப்பலுக்கு மாத்தினேன்.”

வியாபாரியும் முதலில் தேனீ வளர்ப்பவராக இருந்தாராம். கப்பலில் தேனீப் பெட்டியை எங்கே வைப்பது என்று அதையும் விட்டுவிட்டாளாம்.

சல்லடை விரிவுரையாளர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க தேடிட்டு வேண்டாம்னு விட்டது எது?”

“எதுவும் இல்ல. நான் திட்டம் போட்டு எழுதுறவன்.”

“உங்க பட்டியல்ல விஷத்துக்கு முன்னாடியே கப்பல் இருக்கே. ஆறு மணி நேரம்னு தெரியறதுக்கு முன்னாடியே கப்பலை ஏன் தேடினீங்க?”

விரிவுரையாளர் தன் பட்டியலை எடுத்து மறுபடி பார்த்தார்.

12.05. சல்லடை இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். “கதையை எடுத்தது நீங்கதான் சார். உங்க பட்டியல் கதையோட பக்க வரிசைப்படியே போகுது. முடிஞ்ச கதையைப் புரட்டிக்கிட்டே தேடினா அப்படித்தான் வரும். உண்மையா எழுதினவங்க தேடினதுல பாதி கதையில இருக்காது.”

விரிவுரையாளர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மைத்துனியிடம் தணிந்த குரலில் பேசினார். “அக்காகிட்ட சொல்லிடாதம்மா. நான் எழுதினதுன்னு அவளுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ என்னை அப்படிப் பெருமையா பாத்ததே இல்ல.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல அத்தான். என் பேர்ல புத்தகம் வந்ததும் முதல் பிரதி அக்காவுக்குத்தான்.”