கழுத்தில்லாத உறை

எலன் லாஹ்தி பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் அலுவலகத்துக்குள் வந்தாள். மான் வேட்டைப் பருவத்தின் இரண்டாம் நாள். மிச்சிகனின் வடகோடியில் அன்றைக்கு ஆம்பிளை என்று பெயர் எடுத்தவன் எல்லாம் காட்டில் இருப்பான். அவள் புருஷன் அர்வோ மட்டும் மாவட்டச் சிறையில் இருந்தான்.

"வெர்னா, நாம ஒரே வகுப்புல படிச்சவங்க. அவன் கார்லைச் சுட்டிருப்பான்னு நீ நம்பறியா?"

துப்பறியும் அதிகாரி வெர்னா ட்ரெவாரோ மரம்வெட்டியின் மகள். எதையும் சட்டென்று நம்பவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். நாற்காலியைக் காலால் நகர்த்திக் கொடுத்துவிட்டு, உதவியாளன் பெரினை அறிக்கையைப் படிக்கச் சொன்னாள்.

பெரின் டெட்ராய்ட்டிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மானைப் பார்த்தால் கார்க் கண்ணாடி என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவன். ஆனால் இந்த வழக்கில் முக்கியத் தடயத்தைக் கண்டெடுத்தவன் அவன்தான். அந்தப் பெருமை குரலில் தெரியப் படித்தான்.

நேற்றுக் காலை ஏழேகாலுக்குச் சதுப்பு ஓரத்தில் கார்ல் நைமன் மார்பில் குண்டு பாய்ந்து செத்தான். குண்டு உடலைத் துளைத்து வெளியே போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை. நூறு கஜம் தள்ளிப் பனியில் ஒரு காலித் தோட்டா உறை. அடியில் முந்நூற்றெட்டு என்று தோட்டா ரகத்தின் முத்திரை. முகாமில் இருந்தவர்கள் நால்வர்: கார்ல், அர்வோ, ரே பெர்டூச்சி, லெனர்ட் ஓயா. மற்ற மூவரிடமும் அப்பன் காலத்து முப்பது-ஆறு ரகத் துப்பாக்கி. அர்வோ மட்டும் இந்த வருஷம் முந்நூற்றெட்டுக்கு மாறியிருந்தான். இரும்புச் சுரங்கத்தில் பாறை விழுந்து நொறுங்கிய தோள். பெரிய தோட்டாவின் உதையை அது தாங்காது. 'பொம்பளைத் தோட்டா' என்று கார்ல் அதற்கு முந்தின நாள் முழுக்கக் கேலி செய்தானாம். கை கலக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. தான் ஒரே ஒரு தடவை, வேறு இடத்தில், மானைச் சுட்டதாகவும் அந்த உறை தன் பையிலேயே இருப்பதாகவும் அர்வோ சொல்கிறான். அப்படியானால் இந்த உறை யாருடையது என்று கேட்டுவிட்டு ஷெரிப் கதவைப் பூட்டிவிட்டார்.

"மத்த ரெண்டு பேர் துப்பாக்கியும் பார்த்தேன், மேடம். அவங்க சுடவே இல்லையாம். ரேயோட குழாய்ல விரல் விட்டா கரி. லெனர்ட் ஒழுங்கான ஆளு, நேத்து சாயங்காலமே துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருந்தாரு."

வெர்னா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். உறை இருந்த பையைக் கேட்டாள். வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடி முதல் வாய் வரை கிட்டத்தட்ட ஒரே பருமன். லிப்ஸ்டிக் குழாய் மாதிரி இருந்தது.

"அடியை மட்டும் படிச்சியா?" என்றாள். பெரினுக்குக் காது சுட்டது.

முகாமில் விறகு அடுப்பின் மேல் இறைச்சி அடைத்த பேஸ்டிகள் தொடுவாரின்றிக் காய்ந்துகொண்டிருந்தன. ரேயும் லெனர்ட்டும் மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பெரிய காப்பி டப்பா. தோட்டாக்களை எல்லாரும் அதில் கொட்டி வைப்பார்கள், விடிகாலையில் அவரவர் கைக்கு வந்ததை எடுத்துப் போவார்கள், முப்பது வருஷமாக அப்படித்தான் என்று ரே சொன்னான். வெர்னா டப்பாவைக் கவிழ்த்தாள். முப்பது-ஆறின் நீளத் தோட்டாக்களோடு முந்நூற்றெட்டின் குட்டைத் தோட்டாக்கள் பதினொன்றும் உருண்டன.

ஒரு குட்டைத் தோட்டாவைக் காலி உறைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்றுக்கு பாட்டில் மாதிரிக் கழுத்து இருந்தது. மற்றதற்கு இல்லை.

"அர்வோ துப்பாக்கியில வெடிச்சிருந்தா இந்தக் கழுத்து அப்படியே இருக்கும். முப்பது-ஆறுக்குள்ளயும் இது போகும், வெடிக்கும். குண்டோட பருமன் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா உறை குட்டை. முன்னால அரை அங்குலம் காலி இடம், அதுல கழுத்து விரிஞ்சு போகும். குண்டும் குறி வெச்ச இடத்துக்குப் போகாது."

"முப்பது-ஆறு ரெண்டு பேர்கிட்டயும் இருக்கே, மேடம்," என்றான் பெரின்.

"நீதான் அதையும் கண்டுபிடிச்சே. இந்த ஊர்ல பருவம் முடியறவரை எவனும் குழாயைத் துடைக்க மாட்டான். துடைச்ச குழாய்ல முதல் குண்டு விலகும்னு வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க. குறி சரிபார்க்கச் சுட்ட கரியோடதான் காட்டுக்கு வருவாங்க, ரே மாதிரி. முதல் நாள் சாயங்காலமே, ஒரு தோட்டாகூடச் சுடாதவன் எதுக்குத் துடைக்கணும், லெனர்ட்?"

லெனர்ட் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மானைத்தான் சுட்டேன். கார்ல் மானுக்குப் பத்தடி வலப்பக்கம், பின்னால நின்னிருக்கான். எனக்குத் தெரியாது. துப்பாக்கி போல்ட் இறுகிச்சு, பலமா இழுத்ததுல உறை வெளிய விழுந்துச்சு. போய்ப் பார்த்தா அவன் கிடக்கறான். சொல்லணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள இவங்க முந்நூற்றெட்டுன்னுட்டாங்க."

"அர்வோ உன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்டா," என்றான் ரே.  எழுந்து, துப்பாக்கிகளை எல்லாம் லெனர்ட்டின் கைக்கு எட்டாத மூலைக்கு நகர்த்தி வைத்தான்.

இருட்டுவதற்குள் காகித வேலை முடிந்தது. சிறைக் கதவைப் பெரின்தான் திறந்தான். உறையைச் சரியாகப் பார்க்காமல் எழுதியது தன் தப்பு என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னான். அர்வோ அதைக் காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை.

"டப்பாவுல முந்நூற்றெட்டு எப்படி வந்துச்சு?" என்று வெர்னாவைக் கேட்டான்.

கேட்கும்போதே அவன் முகம் மெல்ல மாறியது. முகாமுக்கு வந்ததும் பையைப் பிரித்துத் தோட்டாக்களைக் கொட்டுவது அவன் கை முப்பது வருஷமாகச் செய்கிற வேலை.

"துப்பாக்கியை மாத்தினேன், வெர்னா. பழக்கத்தை மாத்தலை."

"சட்டப்படி உன்மேல ஒண்ணும் இல்ல. வெளிய நிக்கிறா, போ."

"கார்ல் பொண்டாட்டியா?"

"உன் பொண்டாட்டி."

"நான் கார்ல் பொண்டாட்டியைக் கேட்டேன்."

வெர்னா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அவளும்தான் நிக்கிறா. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம், உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு."

அர்வோ பெஞ்சில் உட்கார்ந்தான். கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, ஒற்றைக் கையால் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தான்.