யாவா வந்து உட்காரும் மதியங்கள்

"இல்லாத ஒண்ண இருக்குன்னு உங்க அப்பா சொன்னா, நீ என்ன பதில் சொல்லுவ?" என்று நர்ஸ் எனியோனாம் ஒருமுறை டெலாலியிடம் கேட்டாள்.

மறதி நோய் கண்டவர்களின் வீட்டார் திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கூடுவார்கள். டெலாலி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லாத. மல்லுக்கு நின்னா அவருக்குப் பயம்தான் மிஞ்சும். ஆமாம்னு சொல்லிட்டு கூடவே போ."

"எங்க வீட்டுக்காரர் என்னை மொதப் பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்காரு, நானும் ஆமாங்கறேன்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "என்னைவிட அவளுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். டெலாலிக்கும் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. முகம் அசையவில்லை. சரியாகத் தூங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம், பாலைவனத்துப் புழுதிக்காற்று வானத்தைச் சாம்பலாக்கியிருந்த வேளையில், அப்பா கமெலி கடல் பக்கத்து வாசலில் நின்று யாரையோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே வழியில் கண்டவரையெல்லாம் விசாரிப்பவர்தான். வீட்டில் எல்லோரும் சுகமா, பிள்ளைகள் சுகமா, வலைக்கு மீன் பட்டதா என்று ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். அன்று அப்படிக் கொட்டவில்லை. ஒன்று கேட்டார், நிறுத்தினார். ஒருவர் நிதானமாகப் பதில் சொல்லி முடிக்கிற நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்ததைக் கேட்டார். ஓரிடத்தில், யாரோ கேலி செய்ததைப் போல, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வாசலுக்கு அப்பால் மணல். மணலுக்கு அப்பால் கடல். டெலாலி சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு தெரு முழுக்க வீடுகள் இருந்தன. கடல் ஒவ்வொன்றாகத் தின்றது. முதலில் போனது யாவாவின் வீடு. யாவா அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா அங்க?"

"யாவாதான். மத்தியானத்துல வந்து என்கூட உக்காந்துக்கறாளாம். நீ தூங்கவே மாட்டேங்கறியாம்."

இல்லை என்று சொல்லக்கூடாது. டெலாலி அலைகளைப் பார்த்தாள்.

"சரிப்பா. வரச்சொல்லுங்க."

எப்படியும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்பா இருமுறை இடுப்பளவு தண்ணீர் வரை நடந்துபோனார்; வலை இழுப்பவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூலிக்கு வைத்த பெண் அதற்குப்பின் வரவில்லை. சர்ச்சிலிருந்து முறைவைத்து வந்த பெண்கள், இது நோயல்ல, வேறு ஏதோ என்று முணுமுணுத்துவிட்டு நின்றுபோனார்கள். தலைநகரில் இருக்கும் தம்பி செனியோ போனில் சொல்லிவிட்டான்.

"அக்கா, உன்னைக் கருவாட்டுக் கூடைல வெச்சா வெல பேசி எடுத்துட்டுப் போயிருவாங்க, அப்படி ஆயிட்ட. சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள பாத்துக்க ஆள் கெடச்சா அப்பா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா பிரார்த்தனை வீடுதான்."

அந்தப் பிரார்த்தனை வீட்டை டெலாலி பார்த்திருக்கிறாள். மரத்தோடு சேர்த்துக் கணுக்காலில் சங்கிலி போட்டிருப்பார்கள். சங்கிலி உரசிய இடத்தில் ஈ மொய்க்கும்.

மறுநாள் மதியம் நாற்காலியில் சாய்ந்தவள், கிணற்றில் விழுந்ததைப் போலத் தூங்கிப்போனாள். விழித்தபோது வீடு முழுக்க வாடை. வற்றிய கடற்கரையில் பாசி காய்கிற வாடையும், எங்கோ மீன் புகைபோடும் வாடையும் கலந்து நின்றது. அப்பாவின் அறைக்கு ஓடினாள். குளிப்பாட்டியிருந்தது. காலில் தேங்காயெண்ணெய் பளபளத்தது. நகம் வெட்டியிருந்தது. உடுத்தும் துணி, அவள் ஒருநாளும் கட்டாத விதத்தில், பின்கழுத்தில் முடிச்சுப்போட்டுக் கட்டியிருந்தது. அக்ப்லே களியும் வெண்டைக்காய்க் குழம்பும் வைத்திருந்த கிண்ணம் காலி. சுவரோரமாக ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்குத் தரை ஈரமாக இருந்தது.

ஈரத்தைத் துடைத்தாள். துணியில் மணல் ஒட்டியது. பிழிந்து காயப்போட்டாள். எதுவும் தோன்றவில்லை. முதுகுவலி குறைந்திருந்தது.

அடுத்த மதியம் அந்த இடத்தில் தானாகவே ஒரு முக்காலியைப் போட்டுவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை பாதித் தூக்கத்தில் விழிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்ல முனகிப் பாடிக்கொண்டிருந்தார்கள், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பாடுவதைப் போல. கரண்டி கிண்ணத்தில் உரசியது. அப்பா மெல்லும் சத்தம். இடையில் அவர் சிரிப்பு. அவள் வெகுநாளாகக் கேட்காத சிரிப்பு. எழுந்துபோய்க் கதவில் கை வைத்தாள். பலகை ஜில்லென்று இருந்தது. அடியிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்து அவள் கால்விரல்களை நனைத்தது.

திறக்கவில்லை. நல்ல ஆள், கைராசிக்காரி, என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் போய்ப் படுத்தாள்.

எழுந்தபோது சுவரோரம் நெடுக ஈரம். ஒன்றல்ல. வரிசையாக.

"மத்தவங்களும் வந்தாங்க, பாப்பா" என்றார் அப்பா. முகம் குழந்தையினுடையதைப் போலத் தெளிந்திருந்தது. "தெருவே வந்துருச்சு. வீட்ல எடம் இருக்கான்னு கேக்கறாங்க. உன் வாயால சொன்னாத்தான் தங்குவாங்களாம்."

டெலாலி கையில் துடைக்கும் துணியோடு நின்றாள். சனிக்கிழமை நெருங்கிவிட்டது. சங்கிலி. ஈ.

"இருக்கு. தங்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சந்தையில் மீன்காரி முன்னால் நெடுநேரம் நின்றாள். என்ன வாங்க வந்தோம் என்பது வரவில்லை. "மொத்தக் கடலயும் வெல பேசப்போறியா, நகரு" என்றாள் மீன்காரி. டெலாலி நகர்ந்தாள்.

சனிக்கிழமை மதியம் செனியோ வந்தான். வழியில் வாங்கிய ரொட்டி கையில் இருந்தது. அப்பா முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவன் அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னக்கா, மனுஷன் மாப்பிள்ளை கணக்கா இருக்காரு. நான் பயந்துக்கிட்டே வந்தேன். ஆள் கெடச்சுதா?"

"ம்."

"யாரு?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீடா? உனக்குப் பக்கத்துல கடல்தானக்கா இருக்கு." சிரித்தான். அதற்குள் அப்பா எழுந்து, சாப்பாட்டு நேரம் தெரிந்தவராக, அறைக்குள் போனார். "சரி, பாத்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போறேன். அப்பா இங்கயே இருக்கட்டும்."

அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் இத்தனையும் செய்தாள். காதில் விழுந்தது. உள்ளே எங்கும் போய்ச் சேரவில்லை.

செனியோ கதவைத் திறந்தான்.

சிரிப்பு முகத்திலேயே நின்றது.

டெலாலிக்கு அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அப்பாவிடம் நின்றன. அப்பாவுக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவரின் உயரத்தில் நின்றன. சுவரோரம் நகர்ந்தன. நின்றன. நகர்ந்தன. நின்றன. மூலை வரை.

பிறகு அவள் பக்கம் திரும்பின. அவள் முகத்துக்கு அல்ல. தோளுக்கு மேலே.

பின்கழுத்தில் ஈரத்துணி பட்டது.

உப்பு வாடை. துணி அவசரமில்லாமல் துடைத்தது. கழுத்து. காதின் பின்புறம். குழந்தையைத் துடைப்பதைப் போல. தலை தானாகக் குனிந்தது. மோவாயின் கீழே ஒரு கை வந்து நிமிர்த்தியது. நெடுங்காலம் தண்ணீரில் கிடந்து வெளுத்து, தோல் தளர்ந்த விரல்கள். உதட்டில் ஒரு உருண்டை களி. மணல் நெறுநெறுத்தது.

வாயைத் திறந்தாள்.

வாசற்படியில் ஒரு மனிதன் நின்றான். கன்னம் நனைந்திருந்தது. நல்ல சட்டை. எங்கோ பார்த்த முகம். பெயர் தேடினாள். இல்லை. தூரத்திலிருந்து வந்தவனாக இருக்கும், பாவம். உட்காரச் சொல்ல வேண்டும். வாய் நிறைய இருந்தது.

அவன் ரொட்டியைத் தரையில் வைத்தான். அவளை விட்டு இரண்டடி ஒதுங்கினான். பிறகு முற்றத்தைக் கடந்து போனான்.