பாசமானி காட்டாத பெயர்

நாச்சியார் வழக்கம்போல் பையைக் கட்டிவிட்டாள். மாற்றுப் புடவை, மூட்டுவலித் தைலம், ஒரு போர்வை. மற்ற வீடுகளில் புருஷன் ஊருக்குக் கிளம்பினால் பெண்டாட்டி பை கட்டுவாள். இந்த வீட்டில் புருஷன் மைக்கைப் பிடித்தாலே கட்ட வேண்டியிருந்தது.

அவள் கணவர் வழுதி, எதிரணித் தலைவர். கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்ட அலைவாய் நகரத்தின் மதகுகள் அவருடைய ஆட்கள் கையில் இருந்தன. "பொழுது சாய்வதற்குள் தேர்தலை அறிவியுங்கள். இல்லையென்றால் மதகு திறக்கும், கீழ்த்தெரு முழுகும்" என்று காலையில் அரசுக்குக் கெடு வைத்திருந்தார்.

கெடு வைப்பது அந்நாளில் சும்மா இல்லை. முதலமைச்சரே ஆனாலும், கெடு வைத்தவர் தம் உயிருக்கு உயிரானவரை அந்தக் கெடு தாக்கப்போகும் இடத்தில் பிணையாக உட்கார வைக்க வேண்டும். உயிரானவர் யார் என்பதை அவர் வாய் சொன்னால் செல்லாது. மணிக்கட்டில் கட்டும் பாசமானிதான் சொல்லும். ஊரைக் கொளுத்திவிட்டு வீட்டில் காப்பி குடித்தவர்களெல்லாம் இந்தச் சட்டத்துக்குப் பிறகு கடைசி நேரத்தில் இறங்கி வந்தார்கள். வழுதியும் ஒவ்வொரு முறையும் நாச்சியாருக்காக இறங்கி வந்தவர்தான்.

பிணை அலுவலர் பாத்திமா வந்து அவர் மணிக்கட்டில் கருவியைக் கட்டினாள். உறவுகளின் முகங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்து போயின. நாச்சியாரின் முகமும் வந்தது. கருவியின் விளக்கு எரியவில்லை.

"ஐயா, யாருமே வரலையே!" பாத்திமா மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் எரியவில்லை.

"வராதும்மா. பாசநீக்கம் பண்ணிக்கிட்டேன். ஒருத்தரும் இல்லாதவனுக்குப் பிணை தேவையில்லைன்னு சட்டமே சொல்லுது."

நாச்சியார் பையைக் கீழே வைத்தாள். "ஏங்க, மூளையில கத்தி வச்சுக்கிட்டா வந்தீங்க? எதுக்கு?"

"உனக்காகத்தான், நாச்சி. நீ அங்க போய் உக்காந்தா என் கை நடுங்கிடுது. அது அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி உனக்கு ஆபத்து இல்ல." ஏதோ கணக்குப் புரியாதவர்போல் நெற்றியைச் சுருக்கினார். "ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடும்போது உன் பேரைச் சொல்லி அழுதது ஞாபகம் இருக்கு. ஏன் அழுதேன்னுதான் இப்பப் புரியல."

அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷம் பயந்துகொண்டு பை கட்டினாளே, அதெல்லாம் பாக்கியம் என்று இப்போதுதான் தெரிந்தது.  பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் கீழ்த்தெருவுக்குப் போறேன்."

"நீ போக வேண்டியதில்லையே."

"நான் அங்க இருந்தா மதகைத் திறப்பீங்களா?"

கோபத்தில் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நிதானமாக யோசித்தார்.

"அவங்க அறிவிக்கலைன்னா திறக்கத்தான் வேணும்" என்றார். "திறக்காம இருக்கக் காரணம் எதுவும் தோணலையே."

நாச்சியார் பாத்திமாவின் கையைப் பற்றி வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"வண்டிய எடு தாயீ. வழியெல்லாம் சைரன் போடு. புள்ளைங்களையும் கிழங்கட்டைகளையும் முதல்ல மேட்டுக்கு ஏத்தணும்."

"பதறாதீங்கக்கா. அரசு பக்கம் இன்னும் நம்பிக்கையா இருக்காங்க. ஐயா எப்பவும் கடைசில இறங்கி வந்துடுவார்தானே?"

"இறங்கி வந்த மனுஷன் செத்துட்டாரும்மா" என்றாள் நாச்சியார். "நீ வண்டிய எடு."