நாலாம் அறையின் செய்தி

கணவனும் மனைவியுமாக அந்தப் பழைய குளிர்க் கிடங்கில் வந்து இறங்கியபோது நல்ல மத்தியான வெயில். உள்ளே காலை வைத்ததுமே வெயில் போன இடம் தெரியவில்லை. ஈரச் சாக்கும் துருவும் கலந்த வாடை. அவன் எலக்ட்ரீஷியன், அவள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள்.

"ரெண்டாம் ரூம் லைட்டைப் பாத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள உன் பொட்டியைச் சரி பண்ணிடுவியா?"

"உங்களுக்கு முன்னாடியே முடிச்சுடுவேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் போங்க."

குளிர் எவ்வளவு, கதவு திறந்ததா, உள்ளே மாட்டிக்கொண்டவர் உதவிப் பொத்தானை அழுத்தினாரா என்றெல்லாம் ஒவ்வொரு அறையிலிருந்தும் அவள் முன்னாலிருந்த கம்ப்யூட்டருக்குச் செய்தி வரும். அங்கிருந்து காவல் அறைக்குப் போக வேண்டும். போக முடியாதவை டிஸ்கில் வரிசையாகக் காத்திருக்கும். முதலில் வந்தது போனால்தான் அடுத்தது நகரும்.

இன்று எதுவுமே நகரவில்லை. லைன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. டிஸ்க் தொண்டை வரை நிரம்பிக் கிடந்தது.

இந்தத் தொழிலில் இதற்கொரு சுருக்கு வழி உண்டு. வரிசையை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஓட விடுவது. எல்லோரும் செய்வதுதான். அவளும் விரலைக் கொண்டுபோனாள்.

"போன தடவை வந்த தம்பியும் இப்படித்தான் அழிச்சாரு," பின்னால் நின்ற காவலாளி முணுமுணுத்தார். "நாலாம் ரூம்ல மாட்டிக்கிட்ட ஆளு கூப்பிட்டது அதுலதான் இருந்துச்சாம். மறுநாள்தான் கதவைத் திறந்தோம்."

விரலை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப அந்த ரூம்?"

"வயரையே அறுத்துட்டாங்கம்மா. காவல் ரூம் கம்ப்யூட்டர்லயும் நாலாம் ரூமை எடுத்தாச்சு."

வரிசையின் தலையில் நின்ற செய்தியை அவள் திறந்தாள்.

நாலாம் அறை. உதவிப் பொத்தான்.

இன்றைய தேதி.

அப்படி ஓர் அறையே இல்லை என்று காவல் அறை அதைத் திருப்பி அனுப்பியது. திரும்பி வந்தது மறுபடி முன்னால் போய் நின்றது. அதன் பின்னால் மற்ற எல்லாமே முடங்கிக் கிடந்தன.

"வயரை அறுத்தாச்சுன்னீங்களே?"

காவலாளி சுவரில் தொங்கிய அறுந்த வயர் முனையைக் காட்டினார்.

அவள் வரிசையின் கடைசிக்குப் போனாள்.

இரண்டாம் அறை. உதவிப் பொத்தான்.

இரண்டாம் அறை. உதவிப் பொத்தான்.

அவள் ஓடினாள்.

உறைந்திருந்த தாழ்ப்பாளை அவளும் காவலாளியும் சேர்ந்து இழுத்தார்கள். கும்மிருட்டு. கதவோரம் சுருண்டு கிடந்தவனின் இமையெல்லாம் பனி. உயிர் இருந்தது. அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இருட்டுல பொத்தான் எங்கன்னே தெரியல," பற்கள் தந்தியடிக்கச் சொன்னான். "நல்ல வேளை, அவர் என் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் வச்சாரு."

"யாரு?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

உள்ளே பெட்டிகள்தான் இருந்தன.

கிளம்புவதற்கு முன் அவள் காவல் அறைக் கம்ப்யூட்டரில் நாலாம் அறையை மறுபடி சேர்த்தாள். தன் கணவனைக் காப்பாற்றியவன் கூப்பிட்டது இப்போதாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தாள். வரிசை மளமளவென்று காலியானது. மணி அலறியது. காவலாளி போய் நாலாம் அறையைத் திறந்து வைத்தார். தூசியைத் தவிர ஒன்றுமில்லை.

வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். வெயில் மடியில் விழுந்தது. அவன் மட்டும் வலது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து வெள்ளை விரல் தடங்கள்.

"இன்னும் குளிருதா?" என்று அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"குளிர் போயிடுச்சு," என்றான் அவன். "அவர்தான் இன்னும் கையை விடல."

அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்த விரல்கள் மெல்ல இறுகின.